ஏலியன் (1979): நல்ல படம்னு தெரியுது, ஆனா எனக்கு ஏன் ஒட்டல?

எண்ணெய்க்கறை

கதை முழுசும் இதுல வரும். பார்க்காதவங்க அப்புறமா வாங்க.

சரக்குக் கப்பல்ல செகண்ட் இன்ஜினியரா இருக்கேன். சினிமாப் பைத்தியம்னு சொல்ல முடியாது. கேபின்ல தனியா இருக்கற நேரத்துல கைக்குக் கிடைச்சதைப் பார்ப்பேன். ரிட்லி ஸ்காட் எடுத்த இந்த விண்வெளித் திகில் படம் ஏலியன் பத்தி இத்தனை வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தேன், பார்த்தது என்னவோ போன மாசம்தான். "மொபைல்ல பார்த்திருப்ப, அதான்"னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம். லேப்டாப், நல்ல ஹெட்போன், விளக்கை அணைச்சாச்சு, கதவைச் சாத்தியாச்சு. கீழ மெயின் இன்ஜின் ஓடற அதிர்வு கட்டில் வழியா முதுகுக்கு வந்துக்கிட்டே இருந்தது. அந்தப் படத்தைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

117 நிமிஷம் ஓடி முடிஞ்சது. லேப்டாப்பை மூடினேன். பல் தேய்ச்சேன். படுத்தேன். அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டேன்.

என் பிரச்சினை இந்தத் தூக்கம்தான். நாப்பது வருஷத்துக்கு மேல ஊர் உலகத்தையே நடுங்க வெச்ச படம்ங்கறாங்க. அதைப் பார்த்துட்டு ஒருத்தன் நிம்மதியாத் தூங்கினா கோளாறு படத்துலயா, ஆள்கிட்டயா?

முதல்ல பிடிச்சதைச் சொல்லிடறேன், இல்லேன்னா வம்புக்கு வந்தவன்னு நினைப்பீங்க. முதல் முக்கால் மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. விண்கப்பல் தூக்கத்துலேர்ந்து முழிக்கற அந்த ஆரம்பத்தையே நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஆள் நடமாட்டமே இல்லாத நடைபாதை. மேசை மேல ஒரு பொம்மைப் பறவை தலையை ஆட்டிக்கிட்டே இருக்கு. எங்கயோ ஒரு கம்ப்யூட்டர் உயிர் வந்து எழுத்தைக் கொட்டுது, அந்த வெளிச்சம் காலியா இருக்கற ஹெல்மெட் கண்ணாடியில ஓடுது. ராத்திரி ஆள் இல்லாத இன்ஜின் ரூம்ல ஒரு அலாரம் விழுந்து, நாம இறங்கிப் போய்ப் பேனல் முன்னாடி நிக்கறப்ப இருக்கற அமைதி அது. எடுத்தவருக்குக் கப்பல் தெரியுமோ தெரியாதோ, அந்த அமைதி தெரிஞ்சிருக்கு.

அப்புறம் பார்க்கரும் பிரெட்டும். படத்துல இருக்கற ஏழு பேர்ல இவங்க ரெண்டு பேர்தான் எங்க ஜாதி, இன்ஜின் ஆளுங்க. மத்தவங்களுக்கு முழுப் பங்கு, கீழ வேலை செய்யற இவங்களுக்குக் குறைஞ்ச பங்கு. தூக்கத்துலேர்ந்து எழுந்து சாப்பிட உக்காந்ததும் போனஸ் பேச்சைத்தான் எடுக்கறாங்க. ரிப்பேருக்கு எத்தனை நேரம் ஆகும்னு மேல இருக்கற அதிகாரி ரிப்ளி கேக்கறப்ப, பிரெட் பதினேழு மணி நேரம்ங்கறார், பார்க்கர் குறைஞ்சது இருபத்தஞ்சுன்னு மேல அனுப்பறார். நான் தனியா உக்காந்து சத்தமாச் சிரிச்சுட்டேன். இதை எழுதினவர் எந்த இன்ஜின் ரூம்லயாவது ஒரு வாரம் உக்காந்திருக்கணும். ரிப்ளி கீழ இறங்கி வந்து பேசற இடத்துல நீராவி சீறிக்கிட்டே இருக்கும், பாதிப் பேச்சு காதுலயே விழாது. அந்தம்மா திரும்பிப் போனதும் பார்க்கர் சாவகாசமா வால்வைத் திருப்புவார், சத்தம் நின்னுடும். எங்க பழைய ஃபிட்டர் ஒருத்தர் அச்சு அசலா இதையேதான் செய்வார். மேலேர்ந்து யாராவது இறங்கி வந்தா கிரைண்டரை ஆன் பண்ணுவார்.

இவ்வளவு பிடிச்ச படம் எங்க கைநழுவிச்சு?

சிக்னல் வந்த கிரகத்துல இறங்கி, கப்பல் ஆளுங்கள்ல ஒருத்தரான கேன் அங்க கிடக்கற முட்டைக்குள்ள எட்டிப் பார்க்கற இடத்துல ஒரு விரிசல் விழுந்தது. எங்க வேலையில மூடின டேங்குக்குள்ள இறங்கணும்னா முதல்ல காத்தைச் சோதிக்கணும், பர்மிட்ல கையெழுத்து வேணும், மேன்ஹோல் வாசல்ல ஒருத்தர் நகராம நிக்கணும், கையில ரேடியோ இருக்கணும். கேனுக்குக் கயிறு இருக்கு, மேல ரெண்டு பேர் நிக்கறாங்க, அதுவரைக்கும் நான் வாயே திறக்கல. ஆனா உள்ள ஏதோ அசையற ஒரு தோல் மூட்டை தானா மலர்ந்து வழி விடுது, இவர் முகத்தைக் கொண்டுபோய் அதுல வெக்கறார்! வழியில பார்த்த பைக்குள்ள மூக்கை விடற குழந்தை மாதிரி.

அடுத்து கேனோட நெஞ்சு வெடிச்சு அந்த ஜந்து வெளிய வர்ற காட்சி. இதுல படத்து மேல தப்பு இல்ல, தெரியும். ஆனா அதை ஒரிஜினல்ல பார்க்கறதுக்கு முன்னாடியே துண்டு துண்டா, கேலியா, கார்ட்டூனா இருபது தடவை பார்த்தாச்சு. கேன் முதல் தடவை இருமினதுமே "சரி, வந்துடுச்சு"ன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நாம ஏற்கனவே கேட்டு முடிச்ச ஜோக்கை ஒருத்தர் ரொம்ப அழகா, நிதானமாச் சொல்றப்ப மூஞ்சிய எப்படி வெச்சுக்கறதுன்னு தெரியாம உக்காந்திருப்போம்ல, அப்படி.

அதுக்கப்புறம் எனக்கு அது வரிசையில நின்னு சாகற படமா ஆயிடுச்சு. பூனையைத் தேடி பிரெட் தனியாப் போறார். ஏன் தனியா? மூணு பேராத்தான வந்தீங்க? கேப்டன் டல்லஸ் காத்துக் குழாய்க்குள்ள போறார், அதுவும் தனியா. கடைசிக் கால் மணி நேரம் சைரன், புகை, விட்டு விட்டு எரியற வெளிச்சம், ஓட்டம். கப்பலோட சுய அழிப்பை ரிப்ளி நிறுத்தப் பார்த்து, ஒரு கணம் பிந்திப் போய், அந்த மெஷினைப் பார்த்துக் கத்தற இடம் மட்டும் நெஞ்சைப் பிடிச்சது. கடைசியா அந்த மிருகம் வெளிய தூக்கி எறியப்பட்டுத் தொங்கறப்ப, ரப்பர் உடுப்பு மாட்டின ஒரு மனுஷன்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சார்.

மொத்தத்துல, ஆறின காபி மாதிரி. கொட்டவும் மனசு வரல, ரசிச்சுக் குடிக்கவும் முடியல. இது எனக்கு மட்டும்தானா? 1979ல தியேட்டர்ல பார்த்திருந்தா வேற மாதிரி இருந்திருக்குமா? இல்ல, நான் கவனிக்காம விட்டது எதாவது இருக்கா?

---

மூணாவது வரிசை

தம்பி, நான் கல்லூரியில இருந்தப்ப தியேட்டர்ல பார்த்தவன், அதனால உங்க ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லலாம்னு நினைக்கறேன்.

உங்களுக்கு இல்லாம எங்களுக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணு. யார் பிழைப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு ரிப்ளின்னா பேர் கேக்கறப்பவே கையில ஆயுதத்தோட ஒரு உருவம் கண்ணு முன்னாடி வருது. அன்னிக்கு அவளா நடிச்ச சிகர்னி வீவர் யாருன்னு யாருக்குத் தெரியும்? டைட்டில்ல முதல் பேர் டல்லஸா நடிச்ச டாம் ஸ்கெரிட். கப்பல் கேப்டன், தாடி, நிதானமான பேச்சு. அவர்தான் ஹீரோன்னு தியேட்டரே முடிவு பண்ணிடுச்சு. காத்துக் குழாய்க்குள்ள அவர் இறங்கறப்ப ஒருத்தருக்கும் பயம் இல்ல, ஹீரோ போறார், முடிச்சுட்டு வருவார்னு உக்காந்திருந்தோம். கூட வேலை செய்யற லாம்பர்ட் கையில, அசையறதைக் காட்டற கருவியில ரெண்டு புள்ளி. ஒண்ணு அவர். இன்னொண்ணு அவரை நோக்கி நகருது. நகர்ந்து நகர்ந்து... அந்த ஒரு கணம் வெளிச்சத்துல விரிஞ்ச கை. அவ்வளவுதான். அடுத்த காட்சியில அவரோட நெருப்புத் துப்பாக்கியை மட்டும் மேசை மேல வெக்கறாங்க.

எனக்குப் பக்கத்துல இருந்த ஒருத்தர் "என்னய்யா, இவனையே கொன்னுட்டான்"னு சத்தமாவே சொன்னார். அதுக்கப்புறம் படம் எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் பிடிபடல. நாங்க பயந்தது மிருகத்துக்கு இல்ல. இந்தப் படத்தை நம்ப முடியாதுன்னு தெரிஞ்சு போச்சே, அதுக்கு.

நீங்க வந்து சேர்றப்ப விடை பின் அட்டையில அச்சாகி இருக்கு. அது உங்க குத்தமும் இல்ல, படத்தோட குத்தமும் இல்ல.

கேன் எட்டிப் பார்த்ததுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அன்னிக்கே தியேட்டர்ல "கிட்டப் போகாதடா"ன்னு கூச்சல்.

---

பூனைக்கட்சி

அண்ணே, கோச்சுக்காதீங்க, நீங்க தப்பான ஆளைப் பார்த்துப் பயப்படக் காத்துக்கிட்டு இருந்தீங்க.

இது மிருகப் படம் இல்ல, முதலாளிப் படம். போனஸ் காட்சியை அவ்வளவு ரசிச்சிருக்கீங்க, அதோட நூல் எங்க போய் முடியுதுன்னு மட்டும் பார்க்கல. அறிவுள்ள உயிர் அனுப்பின மாதிரி ஒரு சிக்னல் வந்தா போய்ப் பார்த்தே ஆகணும், இல்லேன்னா மொத்தப் பங்கும் போச்சுன்னு ஒப்பந்தத்துல இருக்குன்னு கப்பலோட விஞ்ஞான அதிகாரி ஆஷ் எடுத்துச் சொல்றார்ல, பார்க்கர் வாயடைச்சு உக்காந்துடறார். அங்கயே அவங்க செத்தாச்சு. அந்த விதியைத் தாண்டி அவங்களால வீட்டுக்குத் திரும்ப முடியாது.

நீங்க கப்பல்காரர். தனிமைப்படுத்தற காட்சி உங்களை ஒண்ணும் செய்யலையா? முட்டையிலேர்ந்து வந்த ஜந்து கேன் முகத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு, வெளிய நிக்கறாங்க, கதவைத் திறன்னு கேப்டனே சொல்றார். முடியாது, 24 மணி நேரம் காத்திருக்கணும், உள்ள விட்டா எல்லாரும் சாகலாம்னு ரிப்ளி சொல்றா. மொத்தப் படத்துலயும் சரியாப் பேசினது அவ ஒருத்திதான். ஆஷ் பொத்தானை அமுக்கித் திறந்து விட்டுடறார். முதல் தடவை பார்க்கறப்ப, மனுஷத்தன்மையில திறந்துட்டார்னு நினைப்போம். மறுபடி பார்த்தா வயித்தைக் கலக்கும், ஏன்னா அந்தக் கப்பல்ல மனுஷனே இல்லாத ஒரே ஆள், ரோபோ, அவர்தான். அந்த உயிரைப் பத்திரமாக் கொண்டு வரணும், மத்த எதுவும் முக்கியம் இல்ல, ஆளுங்க போனாலும் பரவாயில்லைன்னு கம்ப்யூட்டர்ல கம்பெனியோட ஒரு உத்தரவு இருக்கறது அப்புறம்தான் தெரிய வருது.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ரிப்ளியை "பொம்பளை"ன்னு வெச்சு எழுதவே இல்ல. படத்தை எழுதின டான் ஓ'பேனன் திரைக்கதையில எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ யார் வேணா நடிக்கலாம்னு குறிச்சு வெச்சிருந்தார். அதனாலதான் ரிப்ளி பேசறதெல்லாம் ஒரு அதிகாரி பேசற பேச்சா இருக்கு.

பூனை பிழைச்சது, அதுக்காகவே பத்துக்குப் பத்து.

---

ரப்பர் பொம்மை

"ரப்பர் உடுப்பு மாட்டின மனுஷன்"னு எழுதியிருக்கீங்க. என் தொழிலே முகமூடி, உடுப்பு, பொய்க் காயம் செய்யறது. அதனால கொஞ்சம் வலிச்சது, ஆனா நீங்க சொன்னது உண்மை. அந்தக் கடைசிக் காட்சியில உடுப்புதான் தெரியுது. தூரத்துலேர்ந்து முழுசாக் காட்டினா எந்த உடுப்பும் உடுப்புதான்.

உள்ள இருந்தவர் பேர் பொலாஜி படேஜோ. நைஜீரியாக்காரர், லண்டன்ல டிசைன் படிச்சுக்கிட்டு இருந்த மாணவர். 6 அடி 10 அங்குல உயரம், ஒல்லி உடம்பு, முழங்காலைத் தாண்டற மாதிரி கை. ஒரு பப்ல பார்த்துக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் நடிச்சது இந்த ஒரு படத்துல மட்டும்தான். மனுஷன் மாதிரி அசையக் கூடாதுன்னு தாய் சீ, மைம் பயிற்சியெல்லாம் கொடுத்தாங்க. பிரெட் காட்சியில அது மேலேர்ந்து மெதுவா விரிஞ்சு இறங்கறதை மறுபடி பாருங்க, உடம்புல எது கை, எது வால்னு ஒரு நொடி பிடிபடாது. உருவம் எச். ஆர். கீகரோடது, சுவிட்சர்லாந்து ஓவியர். அசையற தலை கார்லோ ரம்பால்டி செஞ்சது. சிறப்புக் காட்சிகளுக்கு ஆஸ்கர் வாங்கின குழுவுல ரெண்டு பேரும் உண்டு.

எனக்கு இந்தப் படத்துல பிடிச்சதே மலிவு வித்தைங்கதான். முட்டைக்குள்ள ஏதோ துடிக்குதே, அது ரப்பர் கையுறை போட்ட ரிட்லி ஸ்காட்டோட கை. முட்டைங்க மேல பரவியிருக்கற நீல வெளிச்சம், பக்கத்து அரங்குல தி ஹூ இசைக்குழு மேடைக்காகச் சோதிச்சுக்கிட்டு இருந்த லேசரைக் கடன் வாங்கினது. செத்துப் போன அந்தப் பிரம்மாண்ட விண்வெளிக்காரன் பக்கத்துல ஆளுங்க எறும்பு மாதிரி தெரியணும்னு, சின்ன அளவுல விண்வெளி உடை தைச்சு ஸ்காட்டோட பசங்களையே உள்ள நடக்க விட்டிருக்காங்க. ஆஷ் தலை உடைஞ்சு வெள்ளையாக் கொட்டுதே, அதுல பாலும் உண்டு, பாஸ்தாவும் உண்டு, கோலிக்குண்டும் உண்டு. சரியா வெளிச்சம் போட்டா கோலிக்குண்டு கூட மூளையாயிடும். போடத் தெரிஞ்சவங்க கையில இருக்கணும், அவ்வளவுதான்.

நெஞ்சு வெடிக்கற காட்சியில மேசைக்கு மேல கேனா நடிச்ச ஜான் ஹர்ட்டோட தலையும் கையும் மட்டும்தான் நிஜம், உடம்பு பொய். மத்த நடிகர்கள் ஸ்கிரிப்ட் படிச்சவங்க, ஏதோ வெளிய வரும்னு தெரியும். ரத்தம் எவ்வளவு, எந்தப் பக்கம் பீய்ச்சும்னு சொல்லி வைக்கல. லாம்பர்ட்டா நடிச்ச வெரோனிகா கார்ட்ரைட் முகத்துக்கு நேரா அடிச்சுது, அந்த அலறல் நடிப்பே இல்ல. நீங்க கேனைப் பார்த்துக் காத்திருந்தீங்க. அடுத்த தடவை கேனை விட்டுட்டுச் சுத்தி நிக்கறவங்க முகத்தைப் பாருங்க.

---

மிக்ஸிங் டேபிள்

சவுண்ட் ஆளு நான், ஒரு சின்ன விஷயம் மட்டும்.

ஹெட்போன்ல பார்த்தீங்கன்னா இசை எங்கயோ ஒட்டாம நின்ன மாதிரி தோணியிருக்கும். அதுக்கு ஒரு காரணம் உண்டு. இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் போட்ட இசையில நிறைய இடத்தை ஸ்காட்டும் எடிட்டர் டெர்ரி ராலிங்ஸும் தூக்கிட்டாங்க. அவர் 1962ல வேற ஒரு படத்துக்குப் போட்ட இசையிலேர்ந்து துண்டுகளை எடுத்துச் சில காட்சிகள்ல ஒட்டினாங்க. முடிவுல வர்றது அவரோடதே இல்ல, ஹோவர்ட் ஹான்சனோட ரெண்டாவது சிம்பொனி. டைட்டில் இசையையும் திரும்ப எழுத வெச்சாங்க. மனுஷனுக்குக் கடைசி வரை வருத்தம்.

ஆனா முடிவை அவர் இசையோட கேட்டுப் பார்த்திருக்கேன், இது சரிதான்னு எனக்குப் படுது. ரெண்டு பேர் இசையும் சேர்ந்து கேக்கறப்பதான் படம் எப்ப எங்க போகும்னு காதுக்குப் பிடிபட மாட்டேங்குது.

இன்னொண்ணு, நீங்க சொன்ன கட்டில் அதிர்வு. இந்தப் படத்துல பின்னாடி ஓடற இரைச்சல் கிட்டத்தட்ட அதேதான். மத்தவங்களுக்கு அது பயம். உங்களுக்கு அது தாலாட்டு. இருபது வருஷமா அந்தச் சத்தம் நின்னாத்தானே நீங்க முழிப்பீங்க?

---

சும்மா வந்தேன்

எனக்கும் ஆறின காபிதான் அண்ணா, கை கொடுங்க. 2003ல வந்த இயக்குநர் பதிப்பையும் பார்த்தேன், எதாவது மாறுமான்னு. காட்சி சேர்த்தும் ஒரு நிமிஷம் குறைவுதான் ஓடுது, மத்த இடத்துல வெட்டிட்டாங்க. டல்லஸ் உயிரோட கூட்டுக்குள்ள மாட்டியிருக்கற காட்சி அதுல வரும், ரிப்ளி எரிச்சு விடுவா. நல்ல காட்சிதான், ஆனா ஓட்டத்துக்கு நடுவுல வண்டியை நிறுத்தி இறங்கின மாதிரி இருக்கு. முதல் பதிப்பே போதும்.

ஒரு தகவல், பயனுண்டோ இல்லையோ. இதை எழுதின ஓ'பேனன் 1974ல ஜான் கார்பென்டரோட சேர்ந்து ஒரு விண்வெளிக் காமெடி எடுத்தார். அதுலயும் கப்பலுக்குள்ள ஒரு வேற்றுக்கிரக ஜந்து உண்டு. கடற்கரையில விளையாடற காத்தடிச்ச பந்துதான் அந்த ஜந்து. சிரிக்க வேண்டிய இடத்துல ஜனங்க சிரிக்கல. அப்ப அதையே பயமுறுத்தறதா எழுதிப் பார்ப்போம்னு உக்காந்தார். அவருக்குக் குடல்ல கிரோன் நோய். வயித்துக்குள்ள வேற ஏதோ இருந்து குடையற மாதிரி வலி. நெஞ்சைக் கிழிச்சு வெளிய வர்றது அங்கேர்ந்துதான் வந்ததுன்னு படிச்சப்புறம் அந்தக் காட்சியை என்னால பழைய மாதிரி பார்க்க முடியல. 2009ல அதே நோயிலதான் போனார்.

---

எண்ணெய்க்கறை

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் பொறுமையா எழுதுவீங்கன்னு நினைக்கல. நேத்து வாட்ச் டூட்டி முடிஞ்சு வந்து மறுபடி போட்டேன். முழுசும் இல்ல. கதவு திறக்கற காட்சியிலேர்ந்து ஆஷ் தலை போற வரைக்கும்.

பூனைக்கட்சி, நீங்க சொன்னது சரி, நான் கோட்டை விட்டுட்டேன். ரெண்டாம் தடவை ஆஷை மட்டும் பார்த்தேன். நெத்தியில வெள்ளையா ஒரு சொட்டு இறங்குது, முதல் தடவை அதை நான் கவனிக்கவே இல்ல. அவர் பத்திரிகையைச் சுருட்டி ரிப்ளி வாயில திணிக்கற இடத்துல நிஜமாவே நெளிஞ்சேன். மிருகம் செய்யறதைவிட அது அசிங்கமா இருந்தது. வேலை செஞ்ச இடத்துல, நம்ம கூட உக்காந்து சாப்பிட்ட ஆளு.

ரப்பர் பொம்மை, கேனை விட்டுட்டு மத்த முகங்களைப் பார்த்தேன். கார்ட்ரைட் பின்னாடி சாயறது, ஆமா. அதுக்கு நான் வாயை மூடிக்கறேன்.

மிக்ஸிங் டேபிள் சார், தாலாட்டுன்னு சொன்னதுதான் ரொம்ப நேரம் மண்டையில ஓடிச்சு. உண்மைதான். இன்ஜின் சத்தம் நின்னா நான் கட்டில்லேர்ந்து குதிச்சு எழுந்துடுவேன், ஓடினா தூங்குவேன்.

இவ்வளவுக்கப்புறமும் என் மார்க் ஏழுதான். ஆறரைலேர்ந்து ஏழு. ஏன்னு யோசிச்சதுல ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்தது.

சில துறைமுகத்துலேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடி கப்பல் முழுக்கத் தேடணும், ஸ்டோஅவே, அதாவது திருட்டுத்தனமா ஏறினவங்க, யாராவது ஒளிஞ்சிருக்காங்களான்னு. ரெண்டு ரெண்டு பேரா, டார்ச், ஒரு செக்லிஸ்ட். அப்ப நான் ஃபோர்த் இன்ஜினியர். கூட வந்தவர் ஒரு வயசான ஆயிலர், இன்ஜின் ரூம்ல எண்ணெய் போடற ஆள். பின்பக்கம், சுக்கானைத் திருப்பற மெஷின் இருக்கற ஸ்டியரிங் கியர் ரூம் எங்களுக்கு. விளக்கு பாதி எரியல. ஹைட்ராலிக் எண்ணெய் வாசனை. அந்த மெஷினோட ராம் ரெண்டுக்கும் பின்னாடி, உதிரி டிரம் அடுக்கியிருக்கற மூலையில டார்ச் அடிச்சேன். ஒரு ஜோடி செருப்பு.

தூக்கி எறிஞ்ச மாதிரி கிடக்கல. வீட்டு வாசல்ல கழட்டற மாதிரி ரெண்டும் பக்கத்துல பக்கத்துல, வார் மேல வார் படாம, குதிகால் சுவத்தைப் பார்த்து இருந்தது. எங்க ஆளுங்க யாரும் அங்க செருப்புப் போட்டுக்கிட்டு வர மாட்டாங்க, எல்லாருக்கும் சேஃப்டி ஷூதான். ஆயிலர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒண்ணும் பேசல. மேல சொன்னோம். மொத்தக் கப்பலும் மறுபடி தேடினோம். நாலு மணி நேரம். டிரம்மையெல்லாம் நகர்த்தினோம், ஸ்டோர், புகைபோக்கி உள்பக்கம், லைஃப் போட் கூட விடல. ஒருத்தரும் இல்ல. கப்பல் கிளம்பிடுச்சு.

அடுத்த ரெண்டு வாரம் யாரும் அந்த ரூமுக்குத் தனியாப் போகல. யாரும் யாரையும் போகக் கூடாதுன்னு சொல்லல, எழுதி ஒட்டல. ராத்திரி ரவுண்டுக்குப் போறவர் கிளம்பறப்ப இன்னொருத்தர் ஏதோ வேலை இருக்கற மாதிரி கூடவே நடப்பார். வேற நாள்ல ஒருத்தர் தனியாப் போக மாட்டேன்னு சொன்னா சிரிக்காம விடுவாங்களா எங்க ஆளுங்க? மாட்டாங்க. அந்த ரெண்டு வாரம் சிரிக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல, கூட நடந்தாங்க, அவ்வளவுதான்.

பூனையைத் தேடி பிரெட்டைத் தனியா அனுப்பினதை என்னால ஒத்துக்க முடியாததுக்குக் காரணம் அதுதான். பாதுகாப்பு விதி எல்லாம் நான் மேல எழுதினது சும்மா. பயந்த ஆளுங்க எப்படி நடப்பாங்கன்னு எனக்குத் தெரியும், தனியா நடக்க மாட்டாங்க. ஆனா அவர் கூரைலேர்ந்து சொட்டற தண்ணியில முகத்தைக் காட்டிக்கிட்டு, தொப்பியைக் கழட்டிட்டு, கண்ணை மூடி நிக்கறார்ல, அது ரொம்ப அழகான காட்சி. அதை எடுக்கணும்னா அவரைத் தனியாத்தான் அனுப்பணும், புரியுது. அந்தத் தண்ணிக்கு ஒரு அரை மார்க் வேணா சேர்த்துக்கறேன். ஏழரை.

---

பூனைக்கட்சி

அண்ணே, படத்தை விடுங்க. செருப்பு யாருது?

---

எண்ணெய்க்கறை

தெரியல. நான் இறங்கற வரைக்கும் அங்கயேதான் இருந்தது. தரை துடைக்கறவங்க கூட அதைச் சுத்தித் துடைச்சாங்க. கப்பலைத் தண்ணியிலேர்ந்து எடுத்து ரிப்பேர் பார்க்கற டிரை டாக் போனப்ப பெயின்ட் அடிக்கறதுக்கு எடுத்துப் போட்டுட்டதா அப்புறம் கேள்விப்பட்டேன்.